கப்பல் துறைக்கு ஒரு வணிக இதழ், பிறகு ஒரு கண்காட்சி: கோலாலம்பூரில் எங்கிருந்து தொடங்குவது?

கிள்ளான்_அலை:

வணக்கம். கிள்ளான் துறைமுகத்தை மையமாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு கடல்சார் வணிக இதழ் தொடங்கவும், இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே பெயரில் ஒரு வணிகக் கண்காட்சி நடத்தவும் திட்டம். பொசிடோனியா கப்பல் கண்காட்சியையும் சீட்ரேட் என்ற கடல்சார் இதழ் நிறுவனத்தையும் உருவாக்கிய கிரேக்கர் தெமிஸ்டொக்லிஸ் வோக்கோஸ் பற்றிப் படித்த பிறகுதான் இந்த எண்ணம் உறுதியானது. முதலில் இதழ், அது நிலைத்த பிறகு கண்காட்சி என்பதுதானே அவர் போன வழி?

தெரிந்துகொள்ள விரும்புவது: இதழுக்கு என்னென்ன அனுமதி வேண்டும், அச்சுக் கணக்கை எப்படிப் போடுவது, விளம்பரம் எத்தனை பக்கம் வந்தால் தாக்குப்பிடிக்கலாம், கண்காட்சிக்கு எவ்வளவு பெரிய மண்டபம் எடுப்பது, பணம் எங்கே ஓட்டையாகும். பினாங்கில் வைத்தால் செலவு குறையும் என்கிறார்கள், அது சரிதானா? இருவர் மட்டுமே உள்ள நிறுவனம். பொத்தாம்பொதுவாக இல்லாமல் கணக்கோடு சொன்னால் பெரிய உதவி.

நங்கூரம்:

வரிசையை முதலில் சரிசெய்துவிடலாம், தம்பி. பொசிடோனியா முதலில் நடந்தது 1969இல், ஏதென்ஸின் ஸாப்பியன் மண்டபத்தில். சீட்ரேட் அதற்கு அடுத்த ஆண்டு, 1970இல். இதழ் வளர்ந்து கண்காட்சியைப் பெற்றெடுக்கவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மூச்சில் தொடங்கி ஒன்றையொன்று தூக்கிவிட்டன. கண்காட்சியில் கடை போட வந்த இயந்திர நிறுவனம் ஆண்டு முழுவதும் பேச ஒரு மேடை தேடும், அது இதழ். இதழைப் படிக்கும் கப்பல் முதலாளியை நேரில் பார்க்க அதே நிறுவனம் ஆசைப்படும், அது கண்காட்சி. இரண்டிலும் விற்கிறவர் அதே ஆள், வாங்குகிறவரும் அதே ஆள். இந்த இருவரின் பெயர், பதவி, தேவை ஆகியவற்றைக் கொண்ட பட்டியல்தான் இந்தத் தொழிலில் உண்மையான சொத்து.

அடுத்து இடம். ஏன் ஏதென்ஸ்? கப்பல்கள் அங்கே அதிகம் வந்து நிற்கின்றன என்பதற்காக அல்ல. கப்பல் வாங்கவும் இயந்திரம் மாற்றவும் கையெழுத்துப் போடுகிறவர்கள் பிரேயஸ் துறைமுகத்து அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்காக. பிறகு சீட்ரேட் பயணக் கப்பல் மாநாட்டை மயாமியில் நடத்தியது. அங்கும் அதே காரணம்: பெரிய பயணக் கப்பல் நிறுவனங்களின் தலைமையகம் அங்கே. 2007இல் சிங்கப்பூர் கடல்சார் அறக்கட்டளையுடன் சேர்ந்து சீ ஏசியா கண்காட்சியைத் தொடங்கியதும் இதே கணக்கில்தான். 2014இல் சீட்ரேட் யூபிஎம் என்ற கண்காட்சிக் குழுமத்துக்குக் கைமாறியது. 2018இல் யூபிஎம் இன்ஃபார்மாவோடு இணைந்தது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல் போகிறது, கிள்ளானில் நிற்கிறது. ஆனால் அந்தக் கப்பலுக்குப் பெயின்ட் எது, பம்பு எது என்று முடிவு செய்பவர் சிங்கப்பூரிலோ ஹம்பர்க்கிலோ இருக்கிறார். கோலாலம்பூரில் கையெழுத்துப் போடுபவர்கள் யார்? மிஸ்க் கப்பல் நிறுவனம், எண்ணெய்க் கிணறுகளுக்கு ஓடும் துணைக் கப்பல்களின் முதலாளிகள், வெஸ்ட்போர்ட்ஸ், நார்த்போர்ட் போன்ற துறைமுக நடத்துநர்கள், அரசுத் துறைகள். இழுவைப் படகும் பார்ஜும் கட்டுகிறவர்கள் சரவாக்கின் சிபுவில். இந்தப் பட்டியலுக்கு வெளியே போய் ‘உலகக் கடல்சார் இதழ்’ என்று பலகை மாட்டினால், 1734இலிருந்து இயங்கும் லாயிட்ஸ் லிஸ்டோடும் நார்வேயின் ட்ரேட்விண்ட்ஸோடும் மோத வேண்டிவரும். அந்த லாயிட்ஸ் லிஸ்டே 2013 டிசம்பர் 20ஆம் தேதியோடு தாள் பதிப்பை நிறுத்திவிட்டது. அன்றன்றைய செய்திக்குத் தாளில் இனி இடமில்லை. தொழில்நுட்பம், ஒப்பீடு, பழுதுபார்ப்பு, விதிமுறை விளக்கம் ஆகியவற்றுக்கு இன்னும் இருக்கிறது.

விதிமுறையை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கடல்சார் இதழின் விளம்பர வருமானம் அதன் மேல்தான் ஏறி இறங்குகிறது. கப்பல் எரிபொருளில் கந்தக அளவை 0.50 விழுக்காடாகக் குறைக்கும் விதி 2020 ஜனவரி 1 முதல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் புகைக்கழுவி (ஸ்க்ரப்பர்) தயாரிப்பாளர்கள் போட்டி போட்டு விளம்பரம் கொடுத்தார்கள். நிலைநீர் (கப்பல் சாயாமலிருக்க ஏற்றும் கடல்நீர்) ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8இல் நடப்புக்கு வந்தது, எல்லாக் கப்பலுக்குமான கடைசிக் கெடு 2024 செப்டம்பர் 8. அந்த ஏழு ஆண்டும் சுத்திகரிப்புக் கருவி விற்றவர்களின் பொற்காலம். கெடு முடிந்த பிறகு அதே நிறுவனத்திடம் போய்ப் பழைய விலை கேட்டால் கிடைக்காது. ஆகவே வருடாந்தர உள்ளடக்கத் திட்டத்தை எழுதும்போது, சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் வரவிருக்கும் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கெடுவுக்குப் பதினெட்டு மாதம் முன்னால் அந்தப் பொருளில் சிறப்பிதழ் போட வேண்டும். கெடு வந்த மாதத்தில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள், எல்லாம் வாங்கி முடித்திருப்பார்கள்.

இன்னொரு கடிகாரமும் உண்டு. கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் வகுப்புச் சங்கத்தின் சிறப்பு ஆய்வு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, இடையில் ஒரு முறை உலர்துறை ஏற்றம், அதாவது கப்பலைத் தண்ணீருக்கு வெளியே ஏற்றிப் பார்ப்பது. எந்த நிறுவனத்தின் எந்தக் கப்பலுக்கு அடுத்த ஆண்டு உலர்துறை என்று தெரிந்து வைத்திருக்கிற இதழுக்கு, பெயின்ட் நிறுவனமும் வால்வு நிறுவனமும் தாமாகவே பேச வரும்.

அச்சுமை:

அனுமதி விஷயம் முதலில். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தில் ‘செய்தித்தாள்’ என்ற சொல்லுக்குள் பருவ இதழும் அடங்கும். விற்பனைக்கானாலும் இலவசமானாலும், ஒழுங்கான இடைவெளியில் வந்தாலும் வராவிட்டாலும் அடங்கும். “இலவசமாகத்தானே கொடுக்கிறோம், பெர்மிட் எதற்கு” என்று தொடங்கிவிட்டு மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். உள்துறை அமைச்சின் பெர்மிட் இல்லாமல் வெளியிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை, ரத்து செய்யப்படும்வரை செல்லும். அச்சடித்துக் கொடுப்பவரிடமும் அச்சக லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இதழில் தெளிவாக இருக்க வேண்டும்.

இணையத்தில் மட்டும் வரும் தளங்களிடம் இந்தப் பெர்மிட்டைக் கேட்பதில்லை. அதனால் பெர்மிட் கைக்கு வரும்வரை மின்மடலாகவும் தளமாகவும் நடத்தி வாசகர் பட்டியலைச் சேர்ப்பது நல்ல வழி. அட்டைப்படத்தை வடிவமைத்து, விளம்பரத்தை விற்று, அச்சகத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகு பெர்மிட்டுக்கு எழுதிப்போடுவது தலைகீழ் வேலை. விண்ணப்பிக்கும் முன் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) பதிவை முடித்துவிடுங்கள். தனியாள் வணிகமாகப் பதிந்தால் செலவு குறைவு, ஆனால் பின்னால் கண்காட்சிக்கு மண்டப ஒப்பந்தம் போடும்போது பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பருவ இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. வெளிவந்த ஒவ்வோர் இதழிலும் ஐந்து பிரதியை அங்கே ஒப்படைக்க வேண்டும், இது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அச்சுக் கணக்கில் இந்த ஐந்தையும் விளம்பரதாரர் சான்றுப் பிரதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தாள். முதுகில் கம்பி அடித்த இதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். எட்டு அல்லது பதினாறின் மடங்கில் வைத்தால் அச்சுத்தாள் வீணாகாது. உள்ளே 48 பக்கம், அட்டை 4 பக்கம் என்று எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளின் பரப்பு 0.0624 சதுர மீட்டர். உள்தாள் 128 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) ஆர்ட் பேப்பர் என்றால் 24 தாளுக்கு ஏறத்தாழ 192 கிராம். அட்டை 250 ஜிஎஸ்எம் என்றால் 31 கிராம். மொத்தம் 223 கிராம். 3,000 பிரதி அடித்தால் 670 கிலோ. உள்தாளை 105 ஜிஎஸ்எம்முக்கு இறக்கினால் ஒரு பிரதி 188 கிராம் ஆகிவிடும், மொத்தத்தில் நூறு கிலோவுக்கு மேல் குறையும். சிங்கப்பூருக்கும் ஏதென்ஸுக்கும் விமானத்தில் கட்டு அனுப்பும்போது இந்த நூறு கிலோ பெரிய பணம். அட்டையின் கனத்தை மட்டும் குறைக்காதீர்கள், மேசையில் கிடக்கும்போது இதழின் மதிப்பைச் சொல்வது அதுதான்.

விளம்பரக் கோப்பு வாங்கும்போது வெட்டளவு 210 × 297 மி.மீ., நான்கு பக்கமும் 3 மி.மீ. மிகை (வெட்டும்போது போகும் ஓரம்), எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 10 மி.மீ.க்குள் வரக்கூடாது, நான்கு வண்ணப் பிரிப்பு, 300 டிபிஐ என்று எழுதியே கொடுங்கள். கப்பல் நிறுவனங்கள் அனுப்பும் படத்தில் பாதி இணையத்திலிருந்து எடுத்த 72 டிபிஐ படம். இன்னொன்று, நீலம். கடலும் வானும் திரையில் பளிச்சென்று தெரியும், நான்கு வண்ணத்துக்கு மாற்றியதும் ஊதா அடித்துவிடும். சியான் (நீல மை) அளவை விட மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) முப்பது புள்ளியாவது குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சுக்கு விடுங்கள். ஒரு நிறுவனத்தின் சின்னமே நீலம் என்றால் கையெழுத்திட்ட மாதிரித்தாள் இல்லாமல் அடிக்கவே கூடாது, பணம் தராமல் இழுத்தடிக்க அது ஒன்றே போதும்.

தாக்குப்பிடிக்கும் கணக்கு: விலைப்பட்டியலில் முழுப்பக்கம் 5,000 ரிங்கிட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணம்தான். ஆறு இதழ் வாங்குபவருக்கு 20 விழுக்காடு கழிவு, 4,000. ஏஜென்சி வழியாக வந்தால் வழக்கமான 15 விழுக்காடு போகும், 3,400. ஓர் இதழின் மொத்தச் செலவு 60,000 என்றால் 18 பக்கம் கட்டணத்தோடு வர வேண்டும். 52 பக்கத்தில் 18 என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாற்பது விழுக்காட்டைத் தாண்டினால் வாசகர் விளம்பரத் துண்டுச்சீட்டு என்று தூக்கிப் போட்டுவிடுவார். புதியவர்கள் 5,000ஐ வைத்துக் கணக்குப் போட்டு 12 பக்கம் போதும் என்று நினைக்கிறார்கள். அதோடு பணம் கைக்கு வர 90 நாள் ஆகும், அச்சகமோ 30 நாளில் கேட்கும். இரு மாத இதழ் என்றால் முதல் இதழின் வசூல் வருவதற்கு முன்பே இரண்டாவதை அடித்தாக வேண்டும். ஆகவே கையில் குறைந்தது இரண்டு இதழின் முழுச் செலவு இல்லாமல் தொடங்காதீர்கள். ஆண்டு விற்பனை 500,000 ரிங்கிட்டைத் தாண்டினால் விளம்பரச் சேவைக்கு எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) பதிவும் உண்டு, விகிதம் 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு.

வாசகர் பட்டியல் பற்றி நங்கூரம் ஐயா சொன்னதற்கு ஒரு வரி. கப்பலின் முதலாளி பெயரை மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. கப்பலை நடத்தும் நிறுவனம், அதன் தொழில்நுட்ப சூப்பரின்டெண்டென்ட், கொள்முதல் மேலாளர், இந்த மூவரும் வேண்டும். கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணை வைத்து ஈக்வாசிஸ் தளத்தில் தேடினால் நடத்தும் நிறுவனம் எது என்று இலவசமாகவே தெரியும். மொத்தமாக அள்ளுவதற்கான தளம் அல்ல அது, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத்தான். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி விளம்பர மடல் வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். பட்டியலில் ‘எப்போது, எப்படிச் சம்மதித்தார்’ என்ற பத்தியை முதல் நாளிலிருந்தே வையுங்கள். பின்னாளில் நிறுவனத்தை விற்கப் போனால் வாங்குபவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.

ஹால்_மூன்று:

கண்காட்சிக் கணக்கு நான் சொல்கிறேன். மண்டபத்தின் மொத்தப் பரப்பில் பாதிதான் விற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை மூன்று மீட்டர், அவசர வழி, பதிவு மேசை, உணவு இடம் எல்லாம் மீதிப் பாதியைத் தின்னும். 2,000 சதுர மீட்டர் எடுத்தால் விற்பனைக்கு 1,000. முதல் முறை அதில் 70 விழுக்காடு விற்றாலே சிறப்பு, 700. சங்கங்களுக்கும் ஊடகப் பரிமாற்றத்துக்கும் பத்து விழுக்காடு இலவசமாகப் போகும், பணம் தருவது 630 சதுர மீட்டர். மூன்றுக்கு மூன்று பூத் ஒன்பது சதுர மீட்டர், அப்படியானால் சரியாக 70 பூத். இந்த எழுபது பூத்தின் வருமானத்தில் மண்டபம், கட்டமைப்பு, மின்சாரம், காப்புறுதி, பார்வையாளர் விளம்பரம் எல்லாம் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் சின்ன மண்டபம் எடுங்கள். கோலாலம்பூர் மாநாட்டு மையம், டபிள்யூடிசி, மிடெக் மூன்றிலும் மண்டபத்தைப் பகுதியாகப் பிரித்துத் தருவார்கள். காலியான மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்தாலும் எல்லாருக்கும் தெரியும், அடுத்த முறை விற்பனையைக் கெடுப்பது அந்தத் துணிதான்.

வாடகை நாளை எண்ணும்போது காட்சி மூன்று நாள் என்றால் கட்ட இரண்டு நாள், பிரிக்க ஒரு நாள், ஆக ஆறு நாள். பிரிக்கும் நாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று கடைசி நாள் இரவே முடிக்கச் சொன்னால், கண்காட்சியாளர்கள் மதியமே மூட்டை கட்டத் தொடங்குவார்கள். கடைசி நாள் மதியம் பாதி பூத் காலியாக இருப்பதைப் பார்த்த வாடிக்கையாளர் மறுபடி வர மாட்டார்.

பணம் ஓட்டையாகும் இடம் கேட்டீர்கள். ஒப்பந்தத்தில் 30 விழுக்காடு, ஆறு மாதம் முன்னால் 40, மூன்று மாதம் முன்னால் 30 என்று வசூல் வரும். காட்சி தொடங்கும் நாள்வரை அது உங்கள் வருமானம் அல்ல, கடன். அந்தப் பணத்தை எடுத்து இதழின் அச்சகக் கடனைக் கட்டுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் சாவு. தனி வங்கிக் கணக்கு திறந்து, மண்டபத்துக்கும் கட்டமைப்பாளருக்கும் மட்டும் அதிலிருந்து கொடுங்கள். 2020இல் பொசிடோனியா ரத்தானது, ஹம்பர்க்கின் எஸ்எம்எம் கப்பல் கண்காட்சி செப்டம்பரிலிருந்து அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப்போய் இணையவழியில் நடந்தது, 2021 லங்காவி லீமா கண்காட்சியும் நடக்கவில்லை. முன்பணத்தைத் தொடாமல் வைத்திருக்கும் நிறுவனம்தான் அப்படிப்பட்ட ஆண்டைத் தாண்டும். இப்போதைய ரத்துக் காப்புறுதிகளில் தொற்றுநோய் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். விலக்குப் பட்டியலைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி கப்பல் துறைக்கே உரிய தொல்லைகள். பொதுக் கண்காட்சி நடத்திப் பழகியவர்களுக்கும் இவை தெரியாது.

முதலாவது மின்சாரம். மண்டபத்தில் கிடைப்பது 50 ஹெர்ட்ஸ். கப்பல் மோட்டார்கள் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பம்பை ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அலைவெண் மாற்றி வாடகைக்கு எடுத்தாக வேண்டும். ஆர்டர் படிவத்திலேயே ‘வோல்ட், ஹெர்ட்ஸ், ஒற்றை அல்லது மும்முனை, தொடக்க மின்னோட்டம்’ என்று நான்கு கட்டம் வையுங்கள். தொடக்க மின்னோட்டத்தைக் கேட்காமல் விட்டால், காலை பத்து மணிக்கு ஒரு வின்ச் ஓடியதும் பக்கத்து ஆறு பூத்தும் இருண்டுவிடும்.

அடுத்தது, வெடிப்பதும் ஒலிபரப்புவதும். ஆபத்துக் கால ஒளிக்குண்டு, புகைச் சமிக்ஞை எல்லாம் வெடிபொருள், மண்டபத்துக்குள் போலிதான் அனுமதி. உயிர்காப்புத் தெப்பத்தின் வாயு உருளை காலியாக இருக்க வேண்டும். இயந்திரத்தில் எரிபொருளை வடித்துவிட வேண்டும். பொம்பாவிடம் (தீயணைப்புத் துறை) மண்டப வரைபடத்தோடு இந்தப் பொருள் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்து அலைபரப்பியை யாராவது விளையாட்டாகத் தட்டிவிட்டால் கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு உண்மையான எச்சரிக்கை போய்விடும். பயிற்சிக் கருவி மட்டுமே என்று விதியில் எழுதுங்கள். ரேடார், விஎச்எஃப் வானொலி போன்ற அலைபரப்பும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் அனுமதி தனியாகக் கேட்க வேண்டும்.

பிறகு எடை. தரை எத்தனை கிலோ தாங்கும் என்பதை மண்டபத்திடம் எழுத்தில் வாங்கி, அதற்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு இரும்புத் தகடு போட்டு எடையைப் பரப்புங்கள். மிகக் கனமானது முதலில் உள்ளே, கடைசியில் வெளியே. ஆகவே அதன் இடம் சரக்கு வாசலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கக்கூடாது. மிதமான வேகக் கப்பல் எஞ்சின் பல டன் எடை, அதற்கு வெட்டுமாதிரியோ அளவு குறைத்த மாதிரியோ போதும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் சண்டை வருவது இதில்தான். பூத் மூன்று மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கண்காட்சியாளர் மூன்று மீட்டர் பேனர் அடித்துவருவார். அலுமினியச் சட்டம் போக ஒவ்வொரு பலகையிலும் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 95 செ.மீ.தான், பேனர் மடங்கும். கையேட்டில் உள்ளளவைப் படத்தோடு போடுங்கள்.

கிள்ளான்_அலை:

நங்கூரம் ஐயா, வரிசையைத் திருத்தியதற்கு நன்றி. அப்படியானால் முதல் ஆண்டிலேயே சிறிய அளவில் நேரடி நிகழ்ச்சி ஒன்றும் வேண்டும் போலிருக்கிறது. எந்த மாதத்தில் வைப்பது? பினாங்கு பற்றியும் வெளிநாட்டுப் பொருள்களின் சுங்கம் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

பட்டர்வொர்த்_படித்துறை:

மாதத்தைப் பார்ப்போம். பெரிய கடல்சார் கண்காட்சிகள் இப்படி விழுகின்றன: இரட்டைப்படை ஆண்டில் மார்ச்சில் சிங்கப்பூர் ஏபிஎம், ஜூனில் பொசிடோனியா, செப்டம்பரில் எஸ்எம்எம். ஒற்றைப்படை ஆண்டில் வசந்தத்தில் சீ ஏசியா, மே மாதம் லீமா, ஜூனில் ஒஸ்லோவின் நார்-ஷிப்பிங், நவம்பரில் ரோட்டர்டாம் யூரோபோர்ட், டிசம்பரில் ஷாங்காய் மரின்டெக். உற்பத்தியாளர்களின் கண்காட்சி நிதி இந்தப் பெயர்களுக்கே முதலில் ஒதுக்கப்படும். உள்ளூர்ப் பண்டிகைகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சுருங்கும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. இப்போதைய ஆண்டுகளில் அது சீனப் புத்தாண்டை ஒட்டியே விழுகிறது, ஆகவே பிப்ரவரி, மார்ச் இரண்டும் வேண்டாம். ஒற்றைப்படை ஆண்டின் ஆகஸ்ட் நடுப்பகுதி உங்களுக்குக் கிடைக்கும் நல்ல இடைவெளி. மெர்டேக்கா (சுதந்திர நாள்) வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பினாங்கைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பாயான் பாருவில் உள்ள செத்தியா ஸ்பைஸ் நல்ல மண்டபம், விமான நிலையமும் பக்கம்தான். ஆனால் நங்கூரம் ஐயா கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: கப்பல் இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் பினாங்கில் எத்தனை பேர்? பட்டர்வொர்த்தில் கொள்கலன் முனையம் இருக்கிறது, ஸ்வெட்டன்ஹாம் படகுத்துறையில் பயணக் கப்பல் வருகிறது. இங்கே முடிவு எடுக்கப்படுவது சரக்கு அனுப்புதலில்தான்: தொழிற்சாலைகளின் தளவாட மேலாளர்கள், சரக்கு முகவர்கள், கிடங்கு, குளிர்சாதனக் கொள்கலன். அதனால் பினாங்கில் கடல்சார் கண்காட்சி வைப்பதை விட, ஒரு நாள் சரக்குப் போக்குவரத்துக் கருத்தரங்கும் ஓட்டல் மண்டபத்தில் இருபது மேசையும் போதும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொங்குபலகை, அவ்வளவுதான் கட்டமைப்பு. முதல் ஆண்டில் நேரடி நிகழ்ச்சி வேண்டும் என்று யோசிக்கிறீர்களே, அதற்கு இது பொருந்தும். கண்காட்சியின் பத்தில் ஒரு பங்கு ஆபத்து கூட இல்லை, வாசகர் பட்டியல் மட்டும் அதே அளவு வளரும். வாடகை குறைவு என்பதற்காக மட்டும் பெரிய நிகழ்ச்சியை வடக்கே கொண்டுவராதீர்கள்.

சுங்கத்துக்கு ஏடிஏ கார்னெட், அதாவது வரி கட்டாமல் தற்காலிகமாகப் பொருளைக் கொண்டுவரும் ஆவணம். வெளிநாட்டு நிறுவனம் தன் நாட்டு வணிகச் சங்கத்தில் வாங்கி வரும், மலேசியாவில் இதற்குப் பொறுப்பேற்பது எம்ஐசிசிஐ என்ற வணிகச் சங்கம். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். வந்த பொருள் வந்தபடியே திரும்ப வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் பேனா, விளக்கக் கையேடு, பெயின்ட் மாதிரி, மசகு எண்ணெய் மாதிரி எதையும் கார்னெட்டில் சேர்க்கக் கூடாது, அவை திரும்பாத பொருள். தனி விலைச்சீட்டோடு சாதாரண இறக்குமதியாக வர வேண்டும். இன்னொரு தவறு, காட்சியில் வைத்த இயந்திரத்தைக் கடைசி நாளில் உள்ளூர் வாடிக்கையாளருக்கு விற்றுவிடுவது. சுங்கத்திடம் முறைப்படி வரி கட்டி மாற்றாமல் கொடுத்தால் உத்தரவாதத் தொகைக்குக் கோரிக்கை வரும். பெட்டியில் உள்ள தொடர் எண்ணும் கார்னெட் பட்டியலில் உள்ள தொடர் எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும் கிள்ளானில் பெட்டி நிற்கும். காட்சி தொடங்க ஏழு வேலை நாள் முன்னால் சரக்கு வந்துசேரும்படி கெடு வையுங்கள். அதிகாரபூர்வ சரக்கு முகவர் ஒருவரை நியமித்து, எல்லாரையும் அவர் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

ஹால்_மூன்று:

ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய நிறுவனங்களில் அது விடுமுறை மாதம், கிரேக்கத்திலும் இத்தாலியிலும் அலுவலகமே மூடிக்கிடக்கும். உங்கள் கண்காட்சியாளர்கள் மலேசிய, சிங்கப்பூர், சீன, கொரிய நிறுவனங்கள் என்றால் கவலையில்லை. ஐரோப்பிய உற்பத்தியாளர்களை நம்பியிருந்தால் அவர்களுடைய உள்ளூர் முகவரிடம் விற்கவேண்டும், தலைமையகத்திடம் அல்ல. முகவர் வந்தால் போதும், பூத்தும் அவர் செலவில்தான்.

உலகக் கண்காட்சித் துறைச் சங்கமான யூஎஃப்ஐயின் அங்கீகாரம் பிற்பாடு தேவைப்படும். சர்வதேச நிகழ்ச்சி என்று ஏற்க, கண்காட்சியாளரில் பத்து விழுக்காடாவது அல்லது பார்வையாளரில் ஐந்து விழுக்காடாவது வெளிநாட்டவராக இருக்க வேண்டும், எண்ணிக்கையும் தணிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆகவே முதல் கருத்தரங்கிலிருந்தே பதிவுப் படிவத்தில் நாடு, நிறுவனம், கொள்முதலில் பங்கு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்குங்கள். மூன்று நாளும் வந்த ஒருவரை மூவராக எண்ணாதீர்கள். வருகையும் பார்வையாளரும் வேறு வேறு பத்தி.

அச்சுமை:

விடுபட்ட ஒன்று. இதழுக்கும் கண்காட்சிக்கும் ஒரே பெயர் என்கிறீர்கள், அப்படியானால் அச்சுக்குப் போகும் முன்பே அறிவுசார் சொத்து அமைப்பான மைஐபிஓவில் வணிகக் குறி பதியுங்கள். அச்சுப் பொருளுக்கு வகுப்பு 16, விளம்பரத்துக்கும் வணிகக் கண்காட்சி நடத்துவதற்கும் 35, பதிப்புக்கும் கருத்தரங்குக்கும் 41. வகுப்பு 16இல் மட்டும் பதிந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் கண்காட்சி அறிவித்தால், அதற்குள் வேறொருவர் 35இல் அதே பெயரைப் பதிந்திருக்கலாம். பெயரும் ‘மலேசியா கப்பல் செய்தி’ மாதிரி பொருளை அப்படியே விவரிப்பதாக இருந்தால் பதிவு மறுக்கப்படும். பொசிடோனியா என்ற பெயரைப் பாருங்கள், கடல் தெய்வம் பொசைடனின் பெயரிலிருந்து வந்தது, கப்பல் என்ற சொல்லே அதில் இல்லை. பெயர் முடிவானதும் மூன்று வகுப்புக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள், பெர்மிட் விண்ணப்பத்திலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.